சொந்த வேலை, தொடாதே

கட்டபெட்டு டீ ஃபேக்டரி ஆபீசில்
மேசைக்கடியில் விறைத்துக் கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர்.
சுவிட்ச் போட்டால் உள்ளே ஏதோ சுற்றுகிறது,
எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்கிறது.
"அதுக்குள்ளதான் மேடம் பழைய இலைக் கணக்கு"
என்றார் போஜராஜன், மஃப்ளருக்குள்ளிருந்து.
சங்கத்தில் கேட்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள்.

எழுப்ப ஒரு பிளாப்பி வேண்டும்.
அதில் மூன்று கோப்பு. பட்டியலில் ஒன்றுதான் தெரியும்,
இரண்டு ஒளிந்திருக்கும்.
ஒளிந்தவை இல்லையென்றால்
தெரிகிற ஒன்றுக்கு மதிப்பில்லை.

அலமாரியில் பிஸ்கட் டின். டின்னுக்குள் பத்துப் பிளாப்பி.
கோத்தகிரி ஈரம் எனக்கு முன்பே
அவற்றைப் படித்து முடித்திருந்தது.
தகரக் கதவை நகத்தால் தள்ளினால்
கறுப்பு வட்டெல்லாம் வெள்ளைப் பூசணம்.
காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்,
டிரையர் அறைச் சுவரோரம் சாய்த்து வைத்து
இரண்டு டீ குடித்தேன்.
லேப்டாப்பில் செருகிய டிரைவ்
ஒவ்வொன்றாய் வாங்கி, மென்று, துப்பியது.
ஏழு போயிற்று.
எட்டாவது பாதி தூரம் வந்து மனம் மாறியது.
ஒன்பதாவதை உடைத்தது நான்தான்.

பத்தாவது பாலித்தீன் உறைக்குள் இருந்தது,
இரண்டு சுற்று ரப்பர் பேண்டோடு.
பூசணம் ஒரு புள்ளிகூட இல்லை.
லேபிளில் நீல மை:
பிரமிளா. சொந்த வேலை. தொடாதே.

பெயருக்கு எட்டெழுத்துக்குமேல் இடங்கொடாத காலம்.
ராஜினாமாவைச் சுருக்கி
ராஜினா ஒன்று, ராஜினா இரண்டு, ராஜினா மூன்று.
முதலாவது பெரியது. அடுத்தது அதில் பாதி.
மூன்றாவது ஒரு வரி தேறினால் அதிகம்.
தொண்ணூற்றேழு ஜூலை
ஒன்பது, பத்து, பதினொன்று.

"பிரமிளாங்கிறவங்க வேலையை விட்டுட்டாங்களா?"
"விடலியே. ரிட்டையர் ஆனப்ப
குன்னூர்லேர்ந்து மாலை வாங்கிட்டு வந்ததே நான்தான்."
"இப்போ?"
"மகன்கூட ஓசூர்ல. இருக்காங்கன்னு நினைக்கிறேன்."

நகலெடுக்க நாலு நொடி.
திறந்து பார்க்க ஒரு நொடி.
தொடாதே என்றிருந்தது, தொடவில்லை.
ஃபார்மேட் கேட்டது: எல்லாம் அழியும், சம்மதமா?
கேட்க வேண்டிய ஆள் நானில்லை.
ஒய் அடித்தேன்.
அழிப்பது தொடுவதில் சேருமா என்று
பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது.

இலை வாட்டும் விசிறிகள் போட்டதும்
வோல்டேஜ் இறங்கி பல்பு சிவந்தது.
"அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க."
ஃபேக்டரி வாயடைத்த அந்த அஞ்சு நிமிஷத்தில்
பழைய டிரைவில் பச்சை விளக்கு எரிந்தது.
கர்ர். டக். கர்ர்.
போஜராஜன் மஃப்ளரை அவிழ்த்துவிட்டார்.

எழுந்ததும் அது கேட்ட முதல் கேள்வி,
இன்றைக்குத் தேதி என்ன?
உள்ளே பாட்டரி செத்து எத்தனையோ வருடம்,
அதன் கணக்கில் இது
1980, ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை.
நான் பிறந்திருக்கவில்லை.
திருத்தாமல் என்டர் தட்டினேன்.

பெயர், கிலோ, தண்ணீர்க் கழிவு.
ஜூன் முழுக்க நூற்றுக்கு மூன்று.
ஜூலை எட்டாம் தேதியிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு,
மழை பெய்த நாளுக்கும் பெய்யாத நாளுக்கும்.
ஜோகி, ஹாலன், மிச்சி, நஞ்சன்,
கீழே போகப் போக யார் யாரோ,
ஒவ்வொரு வரியின் கடைசியிலும்
பதிந்தவர்: பி.
ஆகஸ்டிலும் பி.
அடுத்த ஜூலையிலும் பி.

நான் பிளாப்பியைப் பார்த்தேன்.
அது வாயில் இருந்தபடியே இருந்தது.

பிரிண்டர் இல்லை.
போஜராஜன் செல்போனில் திரையைப் படமெடுத்தார்,
பக்கம் பக்கமாக, பேசாமல்.
மிச்சி என்ற வரி வந்தபோது மட்டும்
"எங்க சித்தி" என்றார்,
ஃபோகஸ் சரியில்லை என்று இன்னொன்று எடுத்தார்.
ஜன்னலில் மூடுபனி ஏறி
எதிர்ச் சரிவின் தேயிலை காணாமல் போயிருந்தது.
விசிறியை மறுபடி போடலாமா என்று
யாரோ வந்து கேட்டுப் போனார்கள்.

புது லேபிள் எழுதி வைத்திருந்தேன், ஒட்டவில்லை.
பழையதே இருக்கட்டும், இனிமேலும் அது சரிதான்.

எண்ணூறு ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு
ரசீதில் என்ன போட என்றார்.
ஸ்டார்ட் செய்தது, என்று போடச் சொன்னேன்.